மியூசியத்துல பாத்த சீனக் காசும், பர்ஸ்ல இருக்கற கேஷும்

போன பள்ளி விடுமுறையில மகள கூட்டிட்டு இங்க சிங்கப்பூர்ல மியூசியம் போயிருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள பச்சை பிடிச்ச வட்ட நாணயம் நாலஞ்சு, நடுவுல சதுர ஓட்டை, சுத்தி நாலு சீன எழுத்து. கீழ ஆங்கிலத்துல "சைனீஸ் கேஷ் காயின்"னு போட்டிருந்தாங்க. அவ செகண்டரி டூ படிக்கிறா, கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு "அப்பா, காயின்னாலே கேஷ்தானே, அப்புறம் எதுக்கு கேஷ் காயின்னு ரெண்டு தடவ சொல்றாங்க?"ன்னு கேட்டா. எனக்கு டக்குனு பதில் வரல. "வீட்டுக்குப் போய் பாத்து சொல்றேம்மா"ன்னு சொல்லிட்டேன்.

இதுல என்ன பொருத்தம்னா, அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல சித்தப்பா ஒரு நீளமான லிஸ்ட் அனுப்பியிருந்தார், ஆங்கிலத்துல இருக்கற நூறு சொல்லு தமிழ்ல இருந்து போனதுன்னு. அதுல மொத வரியே "காசு தான் கேஷ்". நான் மறுத்து எதுவும் எழுதல, சித்தப்பாகிட்ட குரூப்புல வாதாடறது முறையில்ல, ஆனா மனசுல "இது சரியில்லையே"ன்னு ஓடிட்டே இருந்துச்சு. மகளோட கேள்விக்காக உக்காந்து தேடினப்பதான் புரிஞ்சது, சித்தப்பா சொன்னதுல பாதி தப்பு, ஆனா மீதிப் பாதி அந்த லிஸ்ட் எழுதினவருக்கே தெரியாத அளவுக்கு உண்மை. ஏன்னா ஆங்கிலத்துல "கேஷ்"னு ரெண்டு சொல் இருக்கு, எழுத்து ஒண்ணு, உச்சரிப்பு ஒண்ணு, பூர்வீகம் வேற வேற.

மொத கேஷ எடுத்துக்குவோம், நம்ம தினமும் சொல்றது. தேக்கா மார்க்கெட்ல காய்கறி வாங்கினா "கேஷா பேநவ்வா"ன்னு கேக்கறாங்களே (பேநவ்னா போன் வழியா பணம் அனுப்பறது), அந்த கேஷ். இதோட மூலம் லத்தீன்ல "காப்ஸா", பெட்டின்னு அர்த்தம். அது இத்தாலியன்ல "காஸா" ஆச்சு, பிரெஞ்சுல "கேஸ்" மாதிரி ஒலிக்கற சொல்லா ஆச்சு, அங்க வணிகர்கள் பணம் போட்டு வைக்கற பெட்டிக்கு அந்தப் பேரு. அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தப்பவும் கேஷ்னா பணப்பெட்டிதான், அப்புறம்தான் பெட்டிக்குள்ள இருக்கற பணத்தையே கேஷ்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. பெட்டிய பாத்துக்கறவர் கேஷியர். அதே லத்தீன் பெட்டியிலிருந்து வந்த மத்த பிள்ளைங்களும் நம்ம வீட்டுலயே இருக்கு: சூட்கேஸ்ல இருக்கற கேஸ், மருந்து கேப்ஸ்யூல் (குட்டிப் பெட்டின்னு அர்த்தம்), நம்ம காலத்துல பாட்டு கேட்ட கேசட். ஆனா ராணுவத்துல ஒரு ஆபீசர வேலைய விட்டுத் தூக்கறதுக்கும் ஆங்கிலத்துல "கேஷியர்"னே ஒரு வினை இருக்கு, அது இந்த வீட்டுப் பிள்ளை இல்ல, டச்சு மொழி வழியா வந்த வேற சொல். ஒரே மாதிரி இருக்கறதால ஒண்ணுன்னு நெனச்சா எங்க கொண்டு போய் விடும்னு பாருங்க.

பெட்டி எப்படி பணமாகும்னு யோசிக்கறவங்களுக்கு தூரமா போக வேண்டாம், நம்ம பேச்சுலயே இருக்கு. கடையில பணம் போடற இடத்த கல்லான்னு சொல்றோம், கல்லாப்பெட்டி. "தீபாவளிக்கு சிராங்கூன் ரோட்டுல எல்லாரும் நல்லா கல்லா கட்டிட்டாங்க"ன்னா யாரும் பெட்டியச் சொல்றதா நெனக்க மாட்டாங்க, உள்ள விழுந்த பணத்தத்தான் சொல்றோம். பிரெஞ்சுக்காரனுக்கும் இங்கிலீஷ்காரனுக்கும் நடந்தது அதேதான்.

அப்போ பர்ஸ்ல இருக்கற கேஷுக்கும் காசுக்கும் உறவே இல்லையான்னு கேட்டா, இல்லன்னுதான் சொல்லணும். இது நிறைய பேருக்கு கசக்கும், எனக்கே மொதல்ல கசந்துச்சு. ஆனா ஒலி ஒத்துப்போறத மட்டும் வச்சு சொந்தம் கொண்டாடறது எவ்வளவு ஆபத்துன்னு அதே வாட்ஸ்அப் லிஸ்ட்ல இருந்து ஒரு உதாரணம் சொல்றேன், மகளுக்கும் இப்படித்தான் சொன்னேன். எட்டு - எயிட். கேக்கறப்ப அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும். இப்போ ரெண்டையும் பின்னாடி நடத்திக் கூட்டிட்டுப் போங்க. எயிட்டுக்கு ஜெர்மன் உறவு "ஆக்ட்" மாதிரி, லத்தீன்லயும் கிரேக்கத்துலயும் "ஆக்டோ", அந்தக் கிரேக்கச் சொல்லாலதான் எட்டுக் கால் உள்ளது ஆக்டோபஸ். நம்ம எட்டு பின்னாடி போனா எங்க போகுது? எண்பது, எண்ணூறு. பழைய உருவம் "எண்". கன்னடத்துல இன்னைக்கும் "எண்ட்டு". ஆக்டோவையும் எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, இன்னைக்கு கிட்ட தெரியற ரெண்டும் பழைய காலத்துக்குப் போகப் போக விலகிப் போகுது. உண்மையான சொந்தமா இருந்தா பின்னாடி போகப் போக நெருங்கணும். இந்த ஒரு சோதனைய வச்சுப் பாத்தாலே அந்த நூறுல பெரும்பாலானது உதிர்ந்துடும்.

ஆனா உதிராம நிக்கறது இருக்கு. கட்டுமரம் கேட்டமரான் ஆனது, சுருட்டு ஷெரூட் ஆனது, மிளகுத்தண்ணி மல்லிகட்டானி ஆனது, இதுக்கெல்லாம் எழுத்துல ஆதாரம் இருக்கு, யார் எந்தக் கரையில கேட்டு எழுதினாங்கன்னு வழி தெரியும். அந்த வரிசையில கம்பீரமா நிக்கறதுதான் ரெண்டாவது கேஷ். மியூசியத்துல பாத்த கேஷ்.

கதை சோழமண்டலக் கரையில ஆரம்பிக்குது. காசுங்கறது நம்ம கல்வெட்டுகள்ல சாதாரணமா வர்ற சொல், தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுகள்ல யார் எத்தன காசு கொடுத்தாங்கன்னு வரிவரியா வெட்டி வச்சிருக்காங்க, ஈழக்காசுன்னு தனியாவே ஒண்ணு வரும். தமிழ் இலக்கணம் படிச்சவங்களுக்கு இன்னொரு காசும் ஞாபகம் வரும், வெண்பாவோட கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு இந்த நாலு வாய்பாட்டுல ஒண்ணுலதான் முடியணும். வாய்பாட்டுக்கு எடுத்துக்கற அளவுக்கு கைக்குப் பழகின சொல்லா இருந்திருக்கு.

1498ல வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுல வந்து இறங்கினார், 1511ல போர்ச்சுகீசியர் மலாக்காவப் பிடிச்சாங்க. மலாக்காவுல அப்ப தமிழ் வணிகர்கள் பெரிய கைகள், துறைமுகத்துல அவங்க பேச்சும் கணக்கும் நல்லா புழங்கின காலம். போர்ச்சுகீசியர் நம்ம ஆளுங்க சின்ன நாணயத்த "காசு"ன்னு சொல்றதக் கேட்டு எழுதினப்போ, அவங்க மொழியில ஏற்கெனவே இருந்த சொல்லோட எழுத்துலயே எழுதிட்டாங்க: சி-ஏ-ஐ-எக்ஸ்-ஏ. உச்சரிப்பு "கைஷா". அந்தச் சொல்லுக்கு போர்ச்சுகீஸ்ல அர்த்தம் என்ன தெரியுமா? பெட்டி! மேல சொன்ன அதே லத்தீன் காப்ஸாவோட போர்ச்சுகீஸ் பிள்ளை. இன்னைக்கும் பிரேசில்ல சூப்பர்மார்க்கெட் கல்லாவுக்கு கைஷான்னுதான் பேரு.

இதப் படிச்சப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. தமிழ்க் காசும் லத்தீன் பெட்டியும் ஒரு உறவும் இல்லாம வேற வேற கண்டத்துல பிறந்து, ஒரு போர்ச்சுகீசிய எழுத்தனோட பேனா முனையில வந்து ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துருக்கு. காசுல "சு" இருக்கே, அது எப்படி "ஷ்" ஆச்சுங்கற கேள்விக்கும் பதில் இங்கதான் இருக்கு, போர்ச்சுகீஸ் எக்ஸோட ஒலி "ஷ". இங்கிலீஷ்காரங்க அத போர்ச்சுகீசியர்கிட்ட இருந்து வாங்கி கடைசி உயிரெழுத்த விழுங்கிட்டு "கேஷ்" ஆக்கினாங்க. ரெண்டு கேஷும் ஏறக்குறைய ஒரே நேரத்துல, 1590கள்ல, ஆங்கில எழுத்துல தலைகாட்டுது. பெட்டிக் கேஷ் ஐரோப்பா வழியா, காசுக் கேஷ் இந்துமாக்கடல் வழியா.

இது நம்ம ஆசைக்கு சொல்றது இல்ல. 1886ல வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன்னு ஒரு பெரிய அகராதி, இந்தியாவுல புழங்கின ஆங்கிலச் சொற்களுக்காகவே யூல், பர்னெல்னு ரெண்டு பேர் சேர்ந்து செஞ்சது (பர்னெல் தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவர்), அதுலயே தமிழ்க் காசுல இருந்து போர்ச்சுகீஸ் கைஷா, அதுல இருந்து கேஷ்னு வழி காட்டியிருக்காங்க. காசுக்கும் பின்னாடி சமஸ்கிருத "கர்ஷ"ங்கற எடைப் பேரையும் அவங்க காட்டுறாங்க. அது எப்படி இருந்தாலும் வெள்ளக்காரன் காதுல விழுந்த உருவம் தமிழ்க் கரையோட காசுதான்.

அதுக்கு இன்னொரு நல்ல சாட்சி தரங்கம்பாடியில இருக்கு. 1620ல இருந்து 1845 வரைக்கும் அந்த ஊர் டென்மார்க்காரங்க கையில, அவங்க அங்க அடிச்ச செப்பு நாணயத்துல போட்ட பேரு "காஸ்". கே-ஏ-எஸ். போர்ச்சுகீஸ் பெட்டி வழியா சுத்தி வராம நேரா நம்ம வாயில இருந்து கேட்டு எழுதின மாதிரி இருக்கு பாருங்க. பாண்டிச்சேரியில பிரெஞ்சுக்காரங்க அத "காஷ்"னு எழுதினாங்க, சென்னையில இங்கிலீஷ்காரங்க "கேஷ்". ஒரே கரையில மூணு கொடி, மூணு எழுத்து, ஒரே காசு.

சென்னைக் கணக்கு எப்படின்னா 80 கேஷ் ஒரு ஃபானம், 42 ஃபானம் ஒரு பகோடா. ஃபானம்னா வேற ஒண்ணுமில்ல, நம்ம பணம்தான். பகோடாவ நம்ம ஆளுங்க வராகன்னு சொன்னாங்க. அப்போ ஒரு வராகனுக்கு 3360 காசு. இந்தக் கணக்குல அடிச்ச நாணயம் ஒண்ணு என் நண்பர் ஒருத்தர்கிட்ட இருக்கு, போன மாசம் கையில வாங்கிப் பாத்தேன். நம்ம ஒரு வெள்ளி (ஒரு டாலர்) நாணயத்த விடப் பெருசு, காப்பிப்பொடி நிறத்துல செம்பு, ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியோட கேடயத்த ரெண்டு சிங்கம் பிடிச்சுட்டு நிக்குது, கீழ 1808. திருப்பினா பாரசீக எழுத்து, அதுக்கு அடியில ரோமன் எண்ல இருபதுன்னு போட்டு "கேஷ்". கால் பணம். கட்டைவிரல வச்சுத் தடவினா அந்தச் சிங்கத்தோட மேடு இன்னும் தெரியுது, ஓரமெல்லாம் மட்டும் ஏதோ கரையான் அரிச்ச மாதிரி. "கடல்ல கெடந்தது"ன்னு சொன்னார். இங்கிலாந்துல பர்மிங்ஹாம் பக்கம் சோஹோ மின்ட்ல அடிச்சு சென்னைக்கு அனுப்பின சரக்கு அது, 48 டன் செப்புக் காசோட கிளம்பின அட்மிரல் கார்ட்னர்ங்கற கப்பல் 1809 ஜனவரியில புயல்ல சிக்கி கென்ட் கரையோரம் குட்வின் மணல்திட்டுல மூழ்கிப்போச்சு, இங்கிலாந்த விட்டே தாண்டல. 1980கள்ல முக்குளிச்சு எடுத்தாங்க. யாரோ ஒரு சென்னைக் கீரைக்காரம்மா முந்தானையில முடிய வேண்டிய காசு, 170 வருஷத்துக்கு மேல மணலுக்குள்ள கெடந்துட்டு இப்போ பிடோக்ல ஒரு அலமாரியில இருக்கு.

சரி, தமிழ்க் காசு எப்படி சீன நாணயத்துக்குப் பேரா ஆச்சு? அதுக்குத்தான் வரேன். போர்ச்சுகீசியர் நம்ம கரையில கத்துக்கிட்ட சொல்ல அங்கேயே விட்டுட்டுப் போகல. மலாக்கா, சுமத்ரா, ஜாவான்னு போன இடத்துலயெல்லாம் கண்ணுல பட்ட சின்ன மதிப்பு நாணயத்துக்கெல்லாம் கைஷான்னே பேர் வச்சாங்க. ஜாவாவுல அப்ப புழங்கினது பெரும்பாலும் சீன நாணயம், ஓட்டை போட்டது, கயித்துல கோத்து வச்சுக்கற மாதிரி. அப்படியே அந்தப் பேரு சீனா வரைக்கும் போச்சு. சீனர்கள் அத ஒருநாளும் கேஷ்னு சொன்னதில்ல, அவங்களுக்கு அது "துங் சியென்", செப்புப் பணம். ஆயிரம் காசு ஒரு கோவைன்னு கணக்கு, அதுக்குத்தான் நடுவுல சதுர ஓட்டை. அச்சடிக்கறது கூட இல்ல, உலோகத்த உருக்கி அச்சுல ஊத்தி எடுக்கறது. இப்போ நாணயம் சேக்கறவங்க உலகத்துல எங்க இருந்தாலும் சீனா, கொரியா, வியட்நாம் ஓட்டைக்காசு எல்லாத்துக்கும் ஆங்கிலத்துல சொல்ற பொதுப்பேரு கேஷ். நியூயார்க்ல ஏலம் விட்டாலும் கேஷ், லண்டன்ல மியூசியத்துல வச்சாலும் கேஷ்.

இந்தச் சீனக் காசு நம்ம சிங்கப்பூர் மண்ணுல எப்படி வந்துச்சுங்கறதும் பெரிய விஷயம். 1822 பிப்ரவரியில ஜான் க்ராஃபர்ட், பின்னாடி சிங்கப்பூருக்கு ரெசிடென்டா, அதாவது ஆங்கிலேயரோட நிர்வாகியா வந்தவர், சயாமுக்கு (இன்னைய தாய்லாந்து) தூது போற வழியில இங்க இறங்கி நம்ம ஃபோர்ட் கேனிங் மலை மேல நடந்து பாத்திருக்கார். இடிஞ்ச செங்கல் அடித்தளம், உடைஞ்ச பானை ஓடு, அதுங்களுக்கு நடுவுல சீன நாணயங்கள். எந்தெந்த சோங் அரசர் காலத்தோடதுன்னு வரைக்கும் எழுதி வச்சிருக்கார், பத்து பதினொண்ணாம் நூற்றாண்டு. இங்க ஆங்கிலேயர் குடியேற்றத்த ஆரம்பிச்ச ராஃபிள்ஸ் வந்து அப்ப மூணே வருஷம்தான் ஆச்சு, ஆனா மண்ணுக்குள்ள ஏறக்குறைய ஐநூறு வருஷத்துச் சந்தை இருந்துருக்கு. 1984ல தொல்லியல் ஆய்வாளர் ஜான் மிக்சிக் அதே மலையில முறையா தோண்ட ஆரம்பிச்சார், அப்புறம் எம்ப்ரஸ் பிளேஸ், செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல்னு பல இடத்துல தோண்டினப்பவும் சீனக் காசு கிடைச்சுது. பழைய தெமாசெக்ல (சிங்கப்பூரோட பழைய பேரு) பண்டமாத்து போக சில்லறைக்கு இதுதான் ஓடியிருக்கு. அதே காலத்துச் சீனக் காசு தஞ்சாவூர் வட்டாரத்துலயும் குவியல் குவியலா கிடைச்சிருக்கு. அப்போ நாகப்பட்டினத்துல ஒரு ஆள் கையில அந்த ஓட்டை நாணயம் விழுந்தப்போ அவர் அத என்னன்னு சொல்லியிருப்பார்? காசுன்னுதானே சொல்லியிருப்பார், வேற என்ன சொல்லப்போறார். போர்ச்சுகீசியர் வர்றதுக்கு முன்னாடியே.

சிங்கப்பூர்த் தமிழ்ல நம்ம பணத்தச் சொல்ற விதமும் இந்தக் கதையோட ஒட்டினதுதான். டாலர் நமக்கு வெள்ளி, ஏன்னா ஒரு காலத்துல அது நிஜமாவே வெள்ளி நாணயம். சென்ட் நமக்கு காசு. "ரெண்டு வெள்ளி அம்பது காசு"ன்னு சொல்றப்ப காசு அதோட பழைய வேலையிலயே இருக்கு, சின்ன நாணயத்துக்குப் பேரா. தமிழ்நாட்டுல இருந்து புதுசா வந்தவங்க "ரூபா பைசா"ன்னு பழகிட்டு வந்து இதக் கேட்டு ஆச்சரியப்படுவாங்க. 2002ல ஒரு காசு நாணயம் வெளியிடறத நிறுத்திட்டாங்க, அஞ்சு காசு இன்னும் இருக்கு, பேநவ் வந்த பின்னாடி அதயும் யாரும் எடுக்கறதில்ல. ஆனா சொல் போகல. மலாய்க்காரங்க பணத்துக்குச் சொல்ற "டூயிட்" கூட டச்சுக்காரங்களோட ஒரு அல்பச் செப்பு நாணயத்தோட பேருதான், சின்னக் காசோட பேரு மொத்தப் பணத்துக்கும் பேரா ஆகறது நம்ம கிட்ட மட்டும் நடக்கல.

மார்க்கெட் ஸ்ட்ரீட்ல செட்டியார் கிட்டங்கி இருந்த காலத்துல ஆளுக்கு ஒரு பெட்டி முன்னாடி தரையில உக்காந்து வட்டிக்கடை நடத்தினாங்க, வேலை கத்துக்க வந்த சின்னப் பையனுக்கு "பெட்டியடிப் பையன்"னு பேரு. பெட்டியும் காசும் இத்தாலிய வணிகர் வீட்டுல எப்படி ஒண்ணா இருந்துச்சோ அப்படித்தான் இங்கயும் ஒண்ணா இருந்துருக்கு. (கிட்டங்கிங்கற சொல்லே தனிக் கதை, நம்ம கிடங்குதான் மலாய்ல குடாங், ஆங்கிலத்துல கோடவுன் ஆச்சு, போட் கீ பக்கம் போனா இன்னும் அந்தப் பழைய கோடவுன் கட்டடங்கள் ரெஸ்டாரன்டா நிக்குது. அத இன்னொரு நாள் எழுதறேன்.)

சித்தப்பாவுக்கு தனியா போன் பண்ணினேன், குரூப்புல போடல. "சித்தப்பா, நீங்க அனுப்பினதுல பர்ஸ்ல இருக்கற கேஷ் நம்மளுது இல்ல, ஆனா சீனக்காரன் நாணயத்துக்கு வெள்ளக்காரன் வச்ச பேரு நம்மளுது"ன்னு தரங்கம்பாடிக் காஸ் வரைக்கும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் "எங்க அம்மா ஊரு தரங்கம்பாடிக்குப் பக்கத்துலதான்டா, சின்ன வயசுல கடற்கரையில மழை பெஞ்ச மறுநாள் செப்புக்காசு பொறுக்குவோம், அது இதுதானா?"ன்னார். எழுத்து என்ன போட்டிருந்துச்சுன்னு கேட்டேன். "யாரு படிச்சா, கடையில கொடுத்தா எடைக்குக் கடலை மிட்டாய் கிடைக்கும்"னார்.

மகள் தமிழ்ப் பாடத்துக்கு ஒரு புராஜெக்ட் செய்யணும்னு மியூசியத்துல எடுத்த போட்டோவ ஒட்டிட்டு அடியில அந்த ஆங்கிலப் பேர தமிழ்ல எப்படி எழுதறதுன்னு யோசிச்சுட்டு இருந்தா. நான் ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு எட்டிப் பாத்தா "சீனக் காசு"ன்னு எழுதியிருந்தா, பக்கத்துல சின்னதா ஒரு படகு வரைஞ்சு, நாகப்பட்டினத்துல இருந்து மலாக்காவுக்கு ஒரு கோடு போட்டுட்டு இருந்தா.